இரும்பு வைத்த இடுப்பு

என் மகளுக்கு இடுப்பு மூட்டை மாற்றிவைத்து வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து எனக்கு என் மாமாவின் ஞாபகமாகவே இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் சிநேகிதியின் பின்னால் உட்கார்ந்து வந்தவளை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. நொறுங்கிப்போன மூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தில் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். எல்லாம் நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி எழுந்து நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் சொல்கிறார். நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி காலையில் மலாக்கா புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். கட்டிலருகே வாக்கரை நிறுத்திவிட்டு, எழுந்திரு என்கிறாள். மகள் காலைத் தரையில் ஊன்றுகிறாள். உடனே அவள் முகம் சுருங்கி என் பக்கம் திரும்புகிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் விபத்தன்று அடித்த டெலிபோன் மணி என் காதில் மறுபடியும் அடிக்க ஆரம்பித்துவிடும். "இன்னிக்கி வேணாம் மிஸ். பாவம், ரொம்ப வலிக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுகிறேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் வகுப்பில் நிற்கவைத்து அதட்டியவள் நான். என் பிள்ளையை எழுந்து நில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மத்தியானத்தில் அவள் கண்ணயர்ந்ததும் நானும் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது. தூக்கமென்றும் விழிப்பென்றும் சொல்ல முடியாத அந்த நேரத்தில் ரப்பர் இலைகள் உதிர ஆரம்பிக்கின்றன. செம்பு நிறத்தில், அவசரமே இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாக.

தங்கா பத்துவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் அது. காற்று திசை மாறி அடித்தால் பால் வாடையோடு கடல் வாடையும் கலந்து வரும். எனக்கு ஏழு வயது இருக்கலாம். அவசரகாலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது ஒரு வேலியாகத்தான் தெரிந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த எங்கள் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து எங்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரு வாசல். வாசலில் துப்பாக்கியோடு மலாய்க்காரக் காவலர்கள். காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களின் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. காலையில் வயிற்றுக்குள் போனது மட்டும் போகலாம்.

பழைய லயத்தைப் பிரித்தபோதுதான் மாமா விழுந்தார். அம்மாவின் அண்ணன். புது லயத்துக்குப் பழைய தகரம்தான் கூரை என்று சொல்லிவிட்டதால் ஆண்கள் மேலே ஏறித் தகரங்களைக் கழற்றினார்கள். மழையில் நனைந்த சட்டம் மாமாவின் காலுக்குக் கீழே முறிந்தது. கீழே இருந்த சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் இடுப்பு பட விழுந்தார். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைத் தோட்டத்து லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதையும், பின்னால் அவர் மனைவி, என் அத்தை, செருப்பில்லாமல் ஓடியதையும் நான் பார்த்தேனா, பிறகு யாராவது சொல்லிக் கேட்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து முனியாண்டி இறங்குவது மாமாவின் மேல்தான். வருடா வருடம் இலை உதிர்கிற காலத்தில் முனியாண்டிக்குப் பூசை. பழைய லயத்துக்கு அப்பால், தோட்டத்து எல்லையில், ஒரு பெரிய மரத்தடியில் நட்டுவைத்த அரிவாள்தான் முனியாண்டி. உறுமி முழங்கினால் மாமாவின் கழுத்து முதலில் திரும்பும். பிறகு தோள். பிறகு அவர் மாமாவாக இருக்க மாட்டார். எல்லோருக்கும் முன்னால் அவர் போகிற வேகத்துக்குப் பின்னால் வருகிற கூட்டம் ஓடித்தான் ஆக வேண்டும். மற்ற நாட்களில் அவர் சாதுவான ஆள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி அதட்டினால் தலையைச் சொறிவார். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கிராணியும் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமா வந்தபோது எனக்கு அவர் நீளமாகிவிட்டதுபோல் இருந்தது. படுத்தேயிருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும். இடுப்பில் இரும்பு ஆணி வைத்து எலும்பைச் சேர்த்திருந்தார்கள். அங்கே யாரோ நல்ல மனதோடு, இதோ பார் உன் எலும்பு என்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். கறுப்புப் படத்தில், புகை மாதிரி தெரிந்த எலும்புக்குள், வெள்ளையாக ஓர் ஆணி. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து மாமா பேச்சைக் குறைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இரும்பைப் பற்றி ஒரு தீர்மானமான எண்ணம் உண்டு. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். உச்சி வேளையில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு காட்டு வழியாகப் போனால் தூக்குச்சட்டியில் ஓர் ஆணியைப் போட்டுக்கொள்வார்கள். இரும்பு இருக்கிற இடத்தை எதுவும் அண்டாது. காத்து கறுப்பு அண்டாது என்பதுவரை எல்லோருக்கும் சம்மதம். சாமி அண்டுமா என்பதுதான் இப்போது கேள்வியாகிவிட்டது.

சாயங்காலம் பொதுக் குழாயடியில் இதே பேச்சு. கங்காணிக்குச் சந்தேகமே இல்லை. இறங்குகிறது பேயானாலும் சாமியானாலும் இறங்குகிற வழி ஒன்றுதான், அந்த வழியில் இரும்பு நிற்கிறது, ஆகவே இந்த வருடம் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய மச்சினன் ஒருவன் கொஞ்ச நாளாகவே உறுமிச் சத்தத்துக்குத் தோளைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உறுமிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. வைத்தது வெள்ளைக்காரன் இரும்பு, நம்ம சாமிக்கு அது தெரியவே தெரியாது என்பது அவர் கட்சி. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அத்தை தன் முறை வரும்வரை நின்று, வாளியை நிரப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துவிடுவாள்.

எங்களுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஒரு நாள் அம்மா கஞ்சி எடுத்துப்போனபோது நானும் கூடப் போனேன். அம்மா கெஞ்சினாள். கொஞ்சம் எழுந்து நின்றுதான் பாருங்களேன் என்றாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே, "நான் நடந்தது எல்லாம் அவரு நடத்துனதுதான் தங்கச்சி. அவரு வர்ற வழிய அடைச்சிட்டாங்க. இனி நான் யாரு, வெறும் தோலு" என்றார்.

அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போகிறவர். முனியாண்டிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வந்து மாமாவின் காலை மடக்கிப் பார்ப்பார், நீட்டிப் பார்ப்பார். ஒரு நாள் வெளியே வந்து அத்தையைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகப் பேசினார். "எலும்பு நல்லாய்ப் பொருந்தியிட்டுது. இனி நடக்காமல் கிடந்தால்தான் பிழை. இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே விட்டால் கால் இறுகிப்போம். பிறகு ஆராலும் நடத்த ஏலாது. நீங்கள்தான் இரக்கப்பட்டு அவரைக் கெடுக்கிறியள்."

அவர் சொன்னது பொய் இல்லை. அத்தை மத்தியானம் வேலை முடிந்து வந்ததும், முகத்தைக்கூடக் கழுவாமல், மாமாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைப்பாள். கால வச்சித்தான் பாருங்களேன் என்பாள். மாமா பாதத்தைத் தரையில் வைப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா என்பார். அவ்வளவுதான். அத்தை தரையில் மண்டியிட்டு, அந்தக் காலைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிக் கட்டிலில் வைத்துவிடுவாள். "ஐயோ, வேணாங்க. படுத்துக்குங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்." பலகை இடுக்கு வழியாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது ஒரு விளையாட்டுபோல் பழகிவிட்டது. கோழிக்குஞ்சு செத்தால்கூட அழுகிற மனுஷி அத்தை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மாமாவை நேராகக் கூப்பிடக்கூட மாட்டாள், ஏங்க என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

இப்படியே போய்க்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டதும் எல்லோருக்கும் மரங்களைப் புதிதாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டில் மாமா தன் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு சொன்னார். வேலிக்குள் இடம் குறைவு, புது ஆட்கள் வரப் போகிறார்கள். அப்பா போய்க் கேட்டுப் பார்த்தார். துரையின் உத்தரவு என்றார்கள்.

கப்பலேறி ஊருக்கே போய்விடலாம் என்று மாமா சொல்ல ஆரம்பித்தார். மாமா சின்னப் பையனாக வந்தவர், அவருக்கு ஊர் என்று ஒன்று ஞாபகத்தில் இருந்தது. அத்தை இங்கேயே, பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் ஜப்பான்காரன் காலத்திலேயே செத்துப்போனார்கள். ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டால் கடல் இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். கப்பல் பேச்சு வந்த நாட்களில் பலகைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்கும்.

அந்த வருடப் பூசைக்கு அனுமதி வாங்குவது பெரிய பாடாக இருந்தது. முனியாண்டி வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டார். காவலுக்குப் பொறுப்பான சார்ஜன் கடலோரத்து உம்பாய்க்காரர், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர், நல்ல மாதிரி. பகலில் போய் உச்சி வேளை தாண்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சம்மதித்தார். ஆனால் பொங்கல் வெளியே போகக் கூடாது. முனியாண்டிக்கும் உணவுக் கட்டுப்பாடுதான். பெரியவர்கள் யோசித்து, பொங்கலை வேலிக்குள்ளேயே வைத்து, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் இருக்கிற திசையில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அவருக்குத் தூரத்துப் பார்வை நன்றாக இருக்கும் என்று உறுமிக்காரர் சொன்னார்.

பூசை நாளன்று வெயில் எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட நன்றாக ஞாபகம் இருக்கிறது. வருடம் முழுக்கத் தோட்டத்துக்குள் பச்சை இருட்டுதான். இலை உதிர்ந்த நாட்களில் மட்டும் வெயில் நேரே தரைக்கு இறங்கும். மரங்களெல்லாம் வெறும் கோடுகளாக நின்றன. தரை முழுக்கச் செம்பு. காற்றே இல்லாமல் இலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாம்பிராணிப் புகை மேலே போக, இலைகள் கீழே வர, நடுவில் நாங்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருந்தோம்.

மாமாவைக் கிராணி வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து வேலி வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். தோளில் மஞ்சள் துண்டு. கையில் ஆஸ்பத்திரிக் கம்பு. உறுமி ஆரம்பித்தது. எல்லோரும் அவர் கழுத்தையே பார்த்தோம். அது திரும்பவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இமைக்குள் கண் ஓடுவது தெரிந்தது, யாரையோ தேடுவதுபோல. உறுமிக்காரர் வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தார். கற்பூரம் அணைந்ததும் மறுபடி ஏற்றினார்கள். சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். கங்காணியின் மச்சினன் தோளைக் கொஞ்சம் குலுக்கினான். மாமாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. பக்கத்தில் நின்ற அம்மா தன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போது பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆணின் குரலா பெண்ணின் குரலா என்று சொல்ல முடியாத சத்தம். கூட்டம் தானாக விலகியது. கொண்டை அவிழ்ந்து, முடி முகத்தை மூடியபடி, அத்தை வந்தாள். அவள் நடை அவளுடையதாக இல்லை. குதிகால் தரையில் அடிக்க அடிக்க வந்தாள். வேப்பிலைக் கொத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

கங்காணிதான் முறைப்படி கேட்டார், வந்திருப்பது யார் என்று. கேட்டுவிட்டு, பொம்பளை மேல முனி இறங்கி நான் பார்த்ததில்லையே என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்.

அத்தை திரும்பினாள். "யாருன்னா கேக்குற? போன வருசம் எனக்கு வச்ச கள்ளுல பாதியக் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி வச்சியே, அவன்டா நான்."

கங்காணி அப்படியே இலைகளின் மேல் குப்புற விழுந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. குழாயடியில் பெண்களுக்குத் தெரியாத விஷயம் எதுவும் தோட்டத்தில் கிடையாது என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அத்தை மாமாவின் பக்கம் திரும்பினாள். ஏங்க என்று சுவரைப் பார்த்துக் கூப்பிடுகிற அத்தை.

"டேய்" என்றாள். "எந்திரிடா."

மாமா கண்ணைத் திறந்தார்.

"ஒன் இடுப்புல இரும்பு இருக்குன்னு நான் வர மாட்டேன்னு நெனச்சியா? என் மரத்தடியில நிக்கிற அருவா என்னாடா, வாழத்தண்டா? இரும்பு என்னுது. ஒன் எலும்புல வச்சதும் நான்தான். கம்பக் கீழ போடு. என் வாசல் வரைக்கும் நட. நான் முன்னால போறேன். எவனும் அவனத் தொடக் கூடாது."

மாமாவின் கையிலிருந்த கம்பு விழுந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, உடம்பெல்லாம் நடுங்க, அவர் எழுந்து நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் அவரை நின்ற கோலத்தில் பார்த்தேன். முதலில் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

வாசலில் சோதனை போட வேண்டிய காவலர்கள் சார்ஜனைப் பார்த்தார்கள். கிராணி அவரிடம் மலாயில், காவல் சாமிக்கு அவர்கள் சொல்கிற பெயரில், டத்தோ இறங்கியிருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். சார்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பியார், பியார்" என்று தன் ஆட்களை ஒதுங்கச் சொன்னார். உம்பாயிலும் இப்படி யார் மேலாவது ஏதாவது இறங்கத்தான் செய்யும்போல.

நாங்கள் வெளியே போனோம். நான் எப்படியோ அத்தைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். பெரியவர்கள் எல்லோரும் பயத்தில் பின்தங்கிவிட்டார்கள். உறுமி மெதுவாக, மாமாவின் காலுக்கு ஏற்றபடி, ஓர் அடிக்கு ஒரு தட்டு என்று வாசித்தது. ஒரு கால் இலைகளின் மேல் சரக்கென்று விழும். மற்றக் கால் இலைகளை அரித்துக்கொண்டு வரும். பிறகு நிற்கும். நிற்கிற நேரம் மிக நீளமாக இருக்கும். அப்போது இலைகள் விழுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருக்கும். மாமா விழப் போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மறுபடி சரக்கென்று ஒரு சத்தம்.

அந்தப் பாதை உண்மையில் எவ்வளவு தூரம் என்று பெரியவளான பிறகு போய்ப் பார்க்க நினைத்து, போகாமலே விட்டுவிட்டேன். என் கனவில் அது முடிவதே இல்லை. வெயில், இலை, வரிசை வரிசையாகக் கோடுகள், எங்களுக்குப் பின்னால் அந்தக் கால்.

முதலில் மாமா அம்மா, அம்மா என்று முனகினார். பிறகு சாமி, முடியல சாமி என்றார். கொஞ்ச தூரம் போனதும் சாமியும் போய்விட்டது. அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. திரும்பத் திரும்ப, சின்னப் பிள்ளை அழுவதுபோல, அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் நில்லு. கையக் குடு. கையக் குடு புள்ள."

கூட்டத்தில் யாரோ, சாமியப் பேர் சொல்லாதப்பா, தப்பு, என்று கண்டித்தார்கள்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவளுடைய அவிழ்ந்த முடிதான் தெரிந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்ததால் முகத்தைப் பார்த்தேன். கண் அகலத் திறந்திருந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன். வேப்பிலைக் கொத்தை எங்கேயோ போட்டுவிட்டிருந்தாள். இரண்டு கைகளும் தொடையோரம் இறுக மூடிக் கிடந்தன. பெயர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் காது பக்கம் ஒரு நரம்பு துடித்தது. ஆனால் நடை நிற்கவில்லை. முனியாண்டிக்கு அத்தையின் பெயர் தெரியாது, அதனால்தான் திரும்பவில்லை என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். அது நியாயமாகவும் பட்டது.

மரத்தடியில் மாமா அரிவாளுக்கு முன்னால் விழுந்து, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாமி மலையேறி, அத்தை வேரடியில் சாய்ந்தாள். அம்மா ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். திரும்பும்போது சார்ஜன் ஜீப்பைக் கொண்டுவந்து மாமாவை ஏற்றிக்கொண்டார். சாமி கும்பிட நடந்து போனவர் போலீஸ் வண்டியில் திரும்பியதை வைத்து உறுமிக்காரர் ரொம்ப நாள் கேலி செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாமா படுக்கவில்லை. வேலியோரமாகக் கம்பை ஊன்றி நடந்தார். டிரெசர் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். தளிர் விட்டு, மரம் பிரித்துக் கொடுத்த அன்று மாமா பெரட்டில் நின்றார். ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றார். அந்தச் சாய்வு கடைசிவரை இருந்தது. கிராணி அவருக்கு மேட்டுக் காடு வேண்டாம் என்று சமதரையில் மரம் கொடுத்தார். மறு வருடப் பூசையில் உறுமி முழங்கியதும் மாமாவின் கழுத்து பழையபடி திரும்பியது. இரும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தையின் மேல் முனி வந்ததைத்தான் ஊர் பேசியது. அவள் முன்னால் சத்தமாக உறுமி வாசித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. உறுமிச் சத்தம் கேட்டாலே அவள் உள்ளே போய் ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

பூசை முடிந்த அன்று சாயங்காலம் அம்மா என்னை விளக்கு எடுத்து வரச் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கம் மாமா காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் கைகளை மடியில் எடுத்துவைத்து விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கை இரண்டிலும், சின்னச் சின்னப் பிறை மாதிரி, வரிசையாகக் காயம். சில இடத்தில் ஆழமாக, ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. அம்மா மஞ்சளை எண்ணெயில் குழைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். அத்தையின் தோள் மட்டும் குலுங்கியது. பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சத்தமே வரவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். சாமி ஏன் அத்தை கையைக் குத்துச்சு என்று அம்மாவைக் கேட்டேன்.

"விளக்க ஆட்டாமப் புடி" என்றாள் அம்மா. அவள் குரலும் சரியாக இல்லை.

சாமி இறங்கினால் இப்படியெல்லாம் ஆகும் என்று யாரோ சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய மாமாவை நடக்கவைத்த சாமிக்கு நகத்தை வெட்டிக்கொள்ளத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே அத்தையின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.